சந்தையில் கழிக்கும் மீன் தோலைப் பதனிடுவது: சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு

தேக்கா சந்தையின் மீன் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும், எவ்வளவு தோல் வாளிக்குப் போகிறது என்று. சதையை மட்டும் கேட்கும் வாடிக்கையாளருக்காகக் கொடுவாவையும் சால்மனையும் அறுத்து, தோலை உரித்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். சால்மன் தோலை வறுத்துத் தின்ன ஆள் இருப்பதால் சில கடைகளில் அதற்கு விலை உண்டு. கொடுவா, திலாப்பியாத் தோலைக் கேட்பார் அதிகம் இல்லை. அதைப் பதனிட்டால் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமனில், செதில் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பைகளாகத் தெரியும், லேசில் கிழியாத தோல் கிடைக்கும். பணப்பை, கைக்கடிகாரப் பட்டை, பையின் விளிம்பு, கைத்தறித் துணியில் ஊடையாகச் செல்லும் கீற்று என்று பலவற்றுக்கும் அது உதவும். மாட்டுத்தோலும் பன்றித்தோலும் வேண்டாம் என்பவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் தயங்காமல் வாங்கக்கூடிய தோல் இது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் தோல் உடை புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சீனாவின் ஹெய்லோங்ஜியாங் பகுதியில் ஹெச்சே மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் தோலில் உடை தைத்தவர்கள். அந்தக் கைவினை 2006-இல் சீன தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஜப்பானின் வடக்கே ஐனு மக்கள் சால்மன் தோலில் காலணி செய்தார்கள். இவர்கள் எல்லோருமே குளிர் தேசத்தவர்கள். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளும் பெரும்பாலும் ஐஸ்லாந்து, அலாஸ்கா போன்ற இடங்களிலிருந்து வருபவை. "வாளியில் போட்டு இரண்டு வாரம் அறையில் வையுங்கள்" என்று அவர்கள் எழுதியதை அப்படியே இங்கே செய்தால் மூன்றாம் நாள் வாளியில் கூழ்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரையின் பாதி, அந்தக் கூழைத் தவிர்ப்பது பற்றியதுதான்.

வெப்பம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். அந்த இழைகள் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் சுருண்டு, பிறகு ஜெலட்டினாகக் கரையும். பதனிடாத மாட்டுத்தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காட் போன்ற குளிர்க்கடல் மீனின் தோல் 40 டிகிரியை ஒட்டியே சுருங்கத் தொடங்கிவிடும். கொடுவா, திலாப்பியா போன்ற வெப்பமண்டல மீன்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அமிலம் சேர்ந்தால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். அதனால் வெதுவெதுப்பான நீர், வினிகர், பச்சைத் தோல் மூன்றும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது.

இதோடு கிருமியும் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஈரமான பச்சைத் தோல் அரை நாளிலேயே நாற ஆரம்பிக்கும். நாற்றம் வந்துவிட்டால் செதில்பக்கத்தின் மேலடுக்கு ஏற்கெனவே கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு எந்த ஊறலும் அதைக் காப்பாற்றாது.

ஆகவே முதல் முயற்சிக்கு சால்மனை எடுக்காதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் கொழுப்பு அதிகம், வெப்பமும் தாங்காது. கொடுவாதான் தொடங்குவதற்கு ஏற்றது: தோல் தடிப்பு, செதில் பெரிது, பதனிட்ட பிறகு வரி தெளிவாகத் தெரியும். திலாப்பியா அளவில் சிறியது என்றாலும் பழகுவதற்கு நல்லது. வஞ்சிரத்தின் தோல் மெலிது, விட்டுவிடுங்கள். திருக்கை, சுறாப் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் பல இனங்கள் அருகிவரும் உயிரினங்களுக்கான அனைத்துலக வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. துண்டுத் தோலை வைத்து எந்த இனம் என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

தோல் வாங்குவது

மீன்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, செதில் சீவாத மீனின் தோல். கம்பிச் சீவியால் வேகமாகச் சீவினால் செதில் பைகளின் உதடு கிழிந்துவிடும், பிறகு தோல் பிசிறு பிசிறாகத் தெரியும். இரண்டாவது, சதை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, கத்தி தோலில் இறங்கக்கூடாது. பச்சையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் காயும்போது ஓட்டையாகத் திறக்கும். மூன்றாவது, அன்று காலை அறுத்ததை ஐஸ் மேலேயே வைத்துத் தர வேண்டும். சும்மா தருகிறேன் என்றாலும் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், அல்லது அவரிடமே மீன் வாங்குங்கள். அவருக்கு இது கூடுதல் வேலை. வாரந்தோறும் ஒழுங்காகத் தோல் கிடைப்பது அந்த உறவைப் பொறுத்தது.

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்க முடியாவிட்டால் தட்டையாக விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் பிளாஸ்டிக் தாள் இடையிட்டு உறையவைக்கலாம். உறைவதால் தோலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் உறைநிலையிலும் மீன் கொழுப்பு மெல்லக் காறிப்போகும், ஆகவே இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். உறைந்ததைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து இளக்குங்கள். வெந்நீரில் இளக்கினால் என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லியாகிவிட்டது.

கடுக்காயும் கத்தக்காம்பும்

பதனிடுவது என்றால் கொலாஜன் இழைகளுக்கு நடுவே டானின் என்ற துவர்ப்புப் பொருளைச் செலுத்தி, தண்ணீரும் கிருமியும் அண்டாதபடி கட்டிப்போடுவது. தமிழ்நாட்டில் தோல் பதனிடும் ‘ஷாப்பு’களில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பிறகு கடுக்காய் நீரில் போடுவது பழைய முறை. ஆவாரம் பட்டை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கடுக்காய் சிராங்கூன் சாலைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் காயாகவும் பொடியாகவும் கிடைக்கும். காயாக வாங்கினால் உடைத்துக் கொட்டையை நீக்குங்கள். துவர்ப்பு சதைப் பகுதியில்தான் இருக்கிறது.

இன்னொன்று கத்தக்காம்பு. தாம்பூலத்துக்கான அந்தப் பழுப்புக் கட்டிதான். இதற்குச் சிங்கப்பூரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோதே இந்தத் தீவில் அதைத் தரும் கொடியின் தோட்டங்கள் இருந்தன. 1830-களில் பிரிட்டிஷ் தோல் பதனிடுவோர் அதை விரும்பி வாங்கத் தொடங்கியதும் தீவின் காடுகள் மளமளவென்று தோட்டங்களாயின. இன்றைக்கு அது பெரும்பாலும் மேற்கு சுமத்ராவின் லீமா புலு கோத்தா மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே கிராமத்தார் இலையை வேகவைத்து, பிழிந்து, படிவை அச்சில் வார்த்து, வெயிலில் காயவைக்கிறார்கள். இதன் துவர்ப்பு மென்மையானது. முதல் ஊறலுக்கு அதுதான் வேண்டும். ஏன் என்பது கீழே வரும். வாங்கும்போது ஒரு துண்டை வெந்நீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மணல்போல் நறநறவென்று தங்கினால் மண் கலந்த சரக்கு, வேண்டாம்.

தேயிலையில் பதனிடலாம் என்று பல காணொளிகள் சொல்கின்றன. முடியும். ஆனால் தேயிலையில் டானின் குறைவு, ஆகவே மூட்டை மூட்டையாகத் தேவைப்படும். கடுக்காய்ப் பொடியில் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். கணக்கு எப்படிப் பார்த்தாலும் கடுக்காய்தான் மலிவு.

கீழே வரும் அளவுகள் சுத்தம் செய்து, நீர் வடித்த 500 கிராம் தோலுக்கு. கத்தக்காம்பு 150 கிராம், கடுக்காய்ப் பொடி 300 கிராம் வேண்டும். கத்தக்காம்பைத் தட்டி 1 லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். ஆறியதும் கலங்கி அடியில் படியும். அது கெட்டுப்போனதல்ல, கத்தக்காம்பின் சத்து குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையாது, அவ்வளவுதான். பயன்படுத்தும்போது கலக்கிக்கொள்ளுங்கள். கடுக்காய்ப் பொடியை 3 லிட்டர் வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டர் புட்டிகளாகக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பாத்திரம் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ மட்டுமே இருக்கட்டும். இரும்பு பட்டால் டானின் மையாகக் கறுத்துவிடும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இந்த வினையால்தான். துரு, வெல்லம் ஊறிய நீரைக் கடுக்காய் பிடித்த துணியில் தொட்டு எழுதுவார்கள். தோலையும் அப்படிக் கறுப்பாக்கலாம், ஆனால் இரும்பு மிஞ்சினால் தோல் நாளடைவில் நொறுங்கும். கைதேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

சதை, கொழுப்பு, செதில்

முழு வேலையில் கை வலிக்கும் கட்டம் இது. பக்கத்தில் ஐஸ் போட்ட நீர் ஒரு பாத்திரத்தில் இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு தோலை மட்டும் வெளியே எடுங்கள். கையுறை கட்டாயம். கொடுவாவின் முள் குத்திய காயம் எளிதில் சீழ் பிடிக்கும்.

தோலைச் சதைப்பக்கம் மேலே வருமாறு வழவழப்பான பலகையில் விரித்து, மழுங்கிய கரண்டி விளிம்பால் அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையால் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகத் தள்ளுங்கள். சதை முதலில் வரும். அடுத்து நடுக்கோட்டில் பழுப்பு நிறக் கொழுப்பு வரும். கடைசியில் வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய சவ்வு இருக்கும், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். சவ்வு இருக்கும் இடத்தில் டானின் உள்ளே புகாது, காய்ந்ததும் அந்த இடம் மட்டும் விறைத்த வெள்ளைத் திட்டாக நிற்கும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் உரிந்து வரும்.

பிறகு திருப்பிப் போட்டு, வாலிலிருந்து தலை நோக்கிக் கத்தியின் முதுகால் செதிலை எடுங்கள். செதில் வராவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், அடுத்த கழுவலில் இளகிவிடும். துடுப்பு அடிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

கழுவுவது மூன்று நீரில். முதல் நீர்: லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 5 மி.லி., குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையால் அலசி, இதையே மூன்று தடவை செய்யுங்கள். இரண்டாம் நீர்: லிட்டருக்குச் சலவை சோடா 10 கிராம், அரை மணி நேரம். இது கொழுப்பை எடுக்கும், தோல் சற்று உப்பும். சமையல் சோடா இந்த வேலைக்குப் போதாது. மூன்றாம் நீர்: நன்றாக அலசிய பிறகு, லிட்டருக்கு உப்பு 60 கிராமும் வினிகர் 10 மி.லி.யும் போட்ட குளிர்ந்த நீரில் 10 நிமிடம். உப்பு இல்லாமல் வினிகரை மட்டும் விட்டால் தோல் நீரை உறிஞ்சிக் கண்ணாடிபோல் வீங்கி, இழை விட்டுப்போகும். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வாங்கி வையுங்கள். ஊறலுக்குப் போகும்போது 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருந்தால் சரி.

மாட்டுத்தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பு போடுவார்களே என்று கேட்கலாம். அங்கே முக்கியமாக மயிர் கழல வேண்டும். மீனுக்கு அந்தத் தேவை இல்லை. சுண்ணாம்பு இழையை நன்றாகத் திறந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாதவர் கையில் மீன் தோல் கரைந்துபோகும்.

ஊறல்

ஐஸ் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றை மீன்காரரிடமே கேட்டு வாங்குங்கள். அதற்குள் மூடியுள்ள 6 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் உறையவைத்த 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு. காலையும் மாலையும் புட்டிகளை மாற்றினால் உள்ளே 20 டிகிரிக்குக் கீழே நிற்கும். வெப்பமானி வைத்துப் பாருங்கள், ஊகம் வேண்டாம்.

வாளியில் 3 லிட்டர் நீர், 1 லிட்டர் கத்தக்காம்பு நீர், உப்பு 80 கிராம். தோல்களைத் தட்டையாக ஒவ்வொன்றாக இறக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையால் புரட்டுங்கள். மடிந்து ஒட்டிய இடத்தில் நீர் புகாவிட்டால் அங்கே வெளுத்த திட்டு நிற்கும், பிறகு போகாது. அதன்பின் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை புரட்டினால் போதும்.

நான்காம் நாள் ஒரு லிட்டரை எடுத்து ஊற்றிவிட்டு, கடுக்காய் நீர் ஒரு லிட்டர் சேருங்கள். ஏழாம் நாளும் பத்தாம் நாளும் அதேபோல். ஏழாம் நாளுக்குப் பிறகு தோல் நிறம் பிடித்து உறுதியாகியிருக்கும். ஐஸ் பெட்டி தேவையில்லை, குளிரூட்டிய அறையில் 24, 25 டிகிரியில் வைக்கலாம். இந்தக் கட்டத்தில் குளிர் அதிகமானால் டானின் மெதுவாகத்தான் நகரும்.

முதல் நாளே கெட்டியான நீரில் போட்டால் சீக்கிரம் முடியாதா? இங்கேதான் அவசரக்காரர்கள் சறுக்குகிறார்கள். வலுத்த துவர்ப்பு பட்டதும் தோலின் இரு பக்க மேலடுக்கும் உடனே இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே டானின் போக வழி இல்லை. வெளியே அழகான பழுப்பு, நடுவில் பச்சை. காய்ந்தால் பலகைபோல் விறைக்கும், ஈரம் பட்டால் நாறும். மென்மையான கத்தக்காம்பில் தொடங்கி, வலுத்த கடுக்காயை மெல்ல மெல்ல ஏற்றுவது இதற்காகத்தான்.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் சோதிக்கலாம். தலைப்பக்கம் தடித்த ஓரத்தில் ஒரு சின்னக் கீற்று வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். கோடு இல்லாவிட்டால் அந்தக் கீற்றை 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். சுருளாமல் கிடந்தால் தோல் தேறிவிட்டது. பச்சைத் தோலில் வெட்டிய கீற்று ஒன்றையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அது போட்ட மாத்திரத்தில் சுருண்டு பாதியாகும்.

கடுக்காய் ஊறல் நாள்பட லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு வாடை இயல்பு. மேலே வெண்படலம் கட்டினால் பூஞ்சைதான், வழித்தெடுத்துவிட்டுப் புரட்டுங்கள். அழுகல் வாடையோ, தோலைத் தொட்டால் வழுக்கும் பிசினோ இருந்தால் அந்தத் தோலை மட்டும் உடனே எடுத்தெறியுங்கள். பரிதாபப்பட்டு வைத்தால் மற்றவையும் போகும்.

எண்ணெயும் உலர்த்தலும்

ஊறலிலிருந்து எடுத்த தோலை இரண்டு மூன்று நீரில் அலசி, துண்டில் ஒற்றி எடுங்கள். இப்போது எண்ணெய் ஏறாவிட்டால் காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோப்பு செய்வோருக்கான கடைகளில் நீரில் கலக்கும் சல்பேட் ஏற்றிய ஆமணக்கெண்ணெய் கிடைக்கும். 40 கிராமை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலக்கி, தோலை ஒரு மணி நேரம் பிசைந்து ஊறவிடுங்கள். பதனிட்ட தோல் 40 டிகிரியைத் தாங்கும், பயம் வேண்டாம். அது கிடைக்காவிட்டால் முட்டை மஞ்சள் கரு இரண்டு, ஆமணக்கெண்ணெய் 20 மி.லி., நீர் 300 மி.லி. அடித்துக் கலக்கி, இரு பக்கமும் தேய்த்து இரவு முழுக்க மூடி வையுங்கள். சூரியகாந்தி எண்ணெய் போன்றவை சில மாதத்தில் காறி வாடையடிக்கும்.

காயவைப்பதில் சிங்கப்பூரின் ஈரப்பதம் ஒரு விதத்தில் நல்லது, ஒரு விதத்தில் கெட்டது. மெதுவாகக் காய்வதால் மென்மையாக்க அவகாசம் கிடைக்கிறது. ஆனால் மூன்று நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் வலைமேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். மேற்பரப்பு காய்ந்து உள்ளே இளம் ஈரம் இருக்கும் நேரம் முக்கியம். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், கையில் ஈரம் ஒட்டாது. அப்போது மேசையின் மழுங்கிய விளிம்பில் சதைப்பக்கத்தை வைத்து, இரு கையாலும் முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். இழுத்த இடம் வெளிறி மென்மையாவது கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, முழுக்கக் காயும்வரை. தூங்கிப்போய் விறைத்துவிட்டால் நீர் தெளித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, மீண்டும் இழுக்கலாம். கடைசியில் தட்டையான பலகையில் விளிம்புகளைத் துருப்பிடிக்காத எஃகு ஊசியால் குத்தி ஒரு நாள் விட்டு, செதில்பக்கத்தைக் கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டால் செதில் போகும் போக்கில் தேய்த்தால் மெருகு வரும்.

மீன் வாடை போகவில்லை என்று வாசனைத் திரவியம் தெளிப்பவர்கள் உண்டு. வீண் வேலை. வாடை என்றால் கொழுப்பு மிச்சம் என்று பொருள், கழுவும் கட்டத்தில் சோடா குறைந்திருக்கிறது. அடுத்த தொகுதியில் சரிசெய்யுங்கள்.

பத்திரப்படுத்தும்போது பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, படக்கருவி வைக்கும் உலர்பெட்டியில் வைப்பது நல்லது.

வீடு, வாடை, விதி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதைச் செய்யலாம், ஆனால் பொது நடைபாதையில் வாளியையோ காயும் தோலையோ வைக்கக்கூடாது. செதிலையும் கொழுப்பையும் கழுவுதொட்டியில் விடாதீர்கள், குழாய் அடைக்கும். வடிகட்டி எடுத்து, பையில் கட்டி உறையவைத்து, குப்பை எடுக்கும் நேரத்துக்குச் சற்றுமுன் போட்டால் அண்டைவீட்டார் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்காது. பழைய ஊறல் நீர் சில லிட்டர்தான், நிறைய நீரோடு கழிப்பறையில் ஊற்றலாம். இந்தச் செய்முறையில் குரோமியம் இல்லாததால்தான் இது முடிகிறது. குரோமிய உப்பு விரைவாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால், அதன் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடுவதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தொழிற்கழிவு விதிகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் அதற்கு இடமில்லை.

விற்பனை என்று வந்தால் வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலுக்கான வீவக நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் விற்பனையில் இறங்கக்கூடாது. கற்றுக்கொண்டு ஊருக்குப் போய்ச் செய்வதற்குத் தடை ஏதும் இல்லை.

கைவினைஞரிடம் கொடுக்கும்போது

ஒரு தெர்மோகோல் பெட்டியில் மாதம் இரண்டு தொகுதி, அதாவது ஒரு கிலோ தோல் பதனிடலாம். அதை நீங்களே வெட்டித் தைத்துப் பழகுவதைவிட, கைத்தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பது பொருளுக்கும் நல்லது, அவருக்கும் வருமானம். யாரிடம் கொடுப்பது என்பது தோலை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துணியோடு சேர்க்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் பவானி ஜமக்காளம் நெய்பவர்களைப்போல் தடித்த பருத்தி நெசவு தெரிந்தவர்கள். விளிம்பு கட்ட என்றால் பத்தமடையின் கோரைப்பாய்ப் பைகளுக்கு ரெக்ஸின் வைத்துத் தைப்பவர்கள். தோல் வேலையே என்றால் கோலாப்பூர் செருப்பு செய்யும் மகாராஷ்டிர, கர்நாடகக் குடும்பங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் செருப்பே பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் செய்யப்படுவதுதான், அவர்களுக்கு உங்கள் தோலின் குணத்தை விளக்க வேண்டியிருக்காது.

நெசவுக்கான கணக்கு இப்படி. ஒரு கிலோ கொடுவாவின் ஒரு பக்கத் தோலில் ஓரம் வெட்டியபின் 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் தேறும். தலையிலிருந்து வால் வரையான போக்கில் 5 மி.மீ. கீற்றாக வெட்டினால் 16 கீற்று. 20 செ.மீ. அகலத்தில், 25 செ.மீ. நீளத்தில், சென்டிமீட்டருக்கு ஒரு கீற்று ஓடும் துணிக்கு 25 கீற்று வேண்டும். அறுவதையும் சேர்த்து இரண்டு தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கீற்றுகளுக்கு நடுவே நான்கைந்து ஊடை பருத்தி நூல் ஓட வேண்டும், அப்போதுதான் கீற்று வழுக்காமல் நிற்கும். பலகை அடிப்பதும் மெதுவாக இருக்கட்டும், ஓங்கி அடித்தால் கீற்று மடியும். அகலமான துணிக்கு இரண்டு கீற்றின் முனைகளை 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு நெய்தால் போதும், ஒட்ட வேண்டியதில்லை.

தைக்கும்போது தோலுக்குப் பின்னால் பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. அதைவிட நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு முறை குத்திய துளை மூடாது. பிரித்துத் தைக்கலாம் என்ற எண்ணம் துணியோடு நிற்கட்டும்.

கூலியைப் பொருளின் விற்பனை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடாதீர்கள், நேரத்திலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, ஒரு பணப்பைக்கு நெசவும் தையலுமாக 5 மணி நேரம் ஆகும் என்கிறார். அவர் ஊரில் நியாயமான நாள்கூலி 8 மணிக்கு 1000 ரூபாய் என்றால், பைக்கு 625 ரூபாய். அதன்மேல் நூல், தேய்மானம், அனுப்பும் செலவு. மாதிரி செய்யும் நேரத்துக்கும் அதே கூலிதான். மாதிரியை இனாமாகக் கேட்பது பரவலான வழக்கம், அது மோசமான வழக்கமும்கூட. பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். தோலில் இருந்த குறையால் பொருள் வீணானால் நஷ்டம் உங்களுடையது என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தோலைப் பதனிட்டவர் நீங்கள்தானே.

பணம் அனுப்ப, சிங்கப்பூரின் பேநவ் சேவையையும் இந்தியாவின் யூபிஐ சேவையையும் சேர்த்து 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பு வசதியாகத் தோன்றும். அது குடும்பச் செலவு, அன்பளிப்பு போன்ற தனிப்பட்ட தேவைக்கானது. கூலிக்கு வங்கிப் பரிமாற்றமே சரி, ரசீதும் இருக்கும்.

பச்சைத் தோலையோ உப்பிட்ட தோலையோ நாடு தாண்டி அனுப்ப முயலாதீர்கள். பதனிட்டு முழுக்கக் காய்ந்ததை மட்டும், மீன் இனத்தின் அறிவியல் பெயர், எடை, எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் எழுதி அனுப்புங்கள். கொடுவாவுக்கு லேட்ஸ் கால்காரிஃபர். அனுப்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடமும், பெறும் நாட்டின் சுங்கத் துறையிடமும் என்ன ஆவணம் வேண்டும் என்று எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துப் பொட்டலத்தோடு வையுங்கள். முதல் முறை பத்துத் தோலுக்கு மேல் போக வேண்டாம். சுங்கத்தில் மாட்டினாலும், மழைக்காலக் கிடங்கில் பூஞ்சை பிடித்தாலும், தாங்கிக்கொள்ளும் அளவு அது.

பொருள் திரும்பி வந்து விற்பனைக்குப் போகும்போது சீட்டில் மூன்று விவரம் இருக்கட்டும்: மீனின் பெயர், பதனிட்ட பொருள், செய்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் ஊரும். 2025 ஜூனில் மிலான் நகர ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பின் சாயலில் காலணி காட்டி, மூலத்தைக் குறிப்பிடாததால் எதிர்ப்பு கிளம்பி, பிறகு அதை ஒப்புக்கொண்டது. சிறிய அளவில் செய்கிறவர்களிடமும் வாங்குவோர் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். மீன் தோல் நனைந்தால் நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலும் முடியுலர்த்தியும் ஆகாது என்பதையும் அதே சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள்.